தாயத்துக்குச் சிக்காத கொலைகாரன்

கொலை, கொள்ளை, துப்பு என்று எடுக்கப்படும் சினிமாக்களில் வழக்கமாக நடப்பது என்னவென்றால், படம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது குற்றவாளி எப்படியும் அகப்பட்டுக்கொள்வான். போலீஸார் கெட்டிக்காரராயிருந்தாலும் சரி, மண்டூகங்களாயிருந்தாலும் சரி, ஏதோ ஒரு கை மேலேயிருந்து கொலைகாரனைப் பிடரியில் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து கூண்டில் நிறுத்திவிடும். ஜனங்களும் "என்ன இருந்தாலும் மேலே ஒருவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்கள். இந்த நிம்மதிக்காகவேதான் டிக்கட் வாங்குகிறார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட படம் அந்த நிம்மதியைக் கொடுக்க மறுத்த படமாகும். தென் கொரியாவில் போங் ஜூன்-ஹோ என்பவர் 2003-ம் வருஷத்தில் வெளியிட்ட "கொலையின் நினைவுகள்" என்னும் படத்தையே சொல்லுகிறோம். பின்னால் 2020-ல் "பாரசைட்" என்னும் படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றவரும் இவரேதான். 1996-ல் மேடையேறிய ஒரு நாடகத்தைத் தழுவி எடுக்கப்பட்ட கதையானாலும், அதற்கு ஆதாரம் கட்டுக்கதையல்ல. அந்நாட்டில் நிஜமாக நடந்த கொலைகள். படம் வெளிவந்த காலத்தில் கொலைகாரன் இன்னாரென்று ஒருவருக்கும் தெரியாது, அவனுக்கு மாத்திரமே தெரியும். அதற்கப்புறம் 16 வருஷங்கள் கழித்து 2019-ல் அவன் யார் என்று தெரிந்துவிட்டது. ஆதலால் இப்பொழுது அப்படத்தைப் பார்க்கிறவர்கள், படத்திலேயே இல்லாத விடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். அப்படிப் பார்த்தால், கொலைகாரனைப் பற்றித் தெரிவதைவிட அவனைத் தேடினவர்களைப் பற்றித் தெரிவதுதான் அதிகமாயிருக்கிறது.

முதலில் நடந்த சங்கதியைச் சொல்லிவிடுகிறோம். சியோல் நகரத்துக்குத் தெற்கே கியோங்கி மாகாணத்தில் ஹ்வாசொங் என்பது ஒரு வயற்காட்டுப் பிரதேசம். அங்கே 1986-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கி 1991-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி வரையில் பத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிறியவளுக்கு வயது 13. பெரியவருக்கு வயது 71. சர்க்கார் கணக்குப்படி உத்தேசம் 20 லட்சம் போலீஸ் ஆள்நாட்கள் இதற்குச் செலவாயின. 21 ஆயிரம் பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டார்கள். 40 ஆயிரம் பேருடைய விரல்ரேகைகள் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. சந்தேகத்தின் பேரில் இழுத்துக்கொண்டு போகப்பட்டவர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டு மாண்டும் போனார்கள். கொலைகாரன் மாத்திரம் அகப்படவில்லை.

ஏன் அகப்படவில்லை என்பதைத்தான் படம் காட்டுகிறது. சாங் காங்-ஹோ என்ற கைதேர்ந்த நடிகர் கிராமத்து டிடெக்டிவாக வருகிறார். இவருக்குத் தம் கண்ணின் பேரில் அபாரமான நம்பிக்கை. ஆளை ஒருமுறை முகத்துக்கு நேரே பார்த்தால் போதுமாம், குற்றவாளியா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். மேலதிகாரி ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வாலிபர்களைக் காட்டி, "இவர்களில் ஒருவன் ஒரு பெண்ணைக் கெடுத்தவன், மற்றவன் அந்தப் பெண்ணின் அண்ணன், அவனைப் பிடித்துக்கொண்டு வந்தவன். எவன் எவன் என்று சொல், பார்ப்போம்" என்கிறார். டிடெக்டிவ் உற்றுப் பார்க்கிறார். படம் விடையைச் சொல்லுவதில்லை. நாமும் உற்றுப் பார்த்தோம், நமக்கும் தெரியவில்லை. முகத்தில் எழுதியிருந்தால்தானே தெரியும்? தலையில் எழுதியிருக்கிறது, நெற்றியில் எழுதியிருக்கிறது, உள்ளங்கையில் எழுதியிருக்கிறது என்று காலங்காலமாய்ப் படிக்கக் கிளம்பினவர்களெல்லாம் இந்த ஒரு காட்சியை நாலு தடவை பார்க்க வேண்டும்.

இந்தக் கண்ணை நம்பி என்ன செய்கிறார்கள் என்றால், புத்தி மந்தமான ஒரு பையனைப் பிடிக்கிறார்கள். கொலையுண்டவளை அவன் பின்தொடர்ந்து சுற்றினான் என்று யாரோ சொன்னதுதான் ஆதாரம். அவனை அடிக்கிறார்கள், காட்டுக்குக் கொண்டுபோய்ப் பயமுறுத்துகிறார்கள், அவனுடைய ஜோட்டைக் கொண்டு தாங்களே மண்ணில் தடம் பதித்து அதைப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுகிறார்கள். பையன் வாக்குமூலம் கொடுக்கிறான். கொலை எப்படி நடந்தது என்பதை ஒன்றும் விடாமல் சொல்லுகிறான். ஊரெல்லாம் கொலைகாரன் அகப்பட்டான் என்று கொண்டாட்டம். அப்புறம் சியோலிலிருந்து வந்த வேறொரு டிடெக்டிவ், தழும்பேறிய இந்தக் கைகளால் அப்படிப்பட்ட முடிச்சுப் போட முடியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். வழக்கு அத்தோடு விழுந்துபோகிறது.

இதற்குள்ளே இருக்கும் கொடுமை என்னவென்றால், அந்தப் பையன் அவ்வளவு விவரமாகக் கொலையைச் சொல்ல முடிந்தது ஏன் என்பது வெகுநேரம் கழித்துத்தான் டிடெக்டிவுகளுக்கு உறைக்கிறது. அவன் கொலை செய்தவனல்ல, கண்ணால் பார்த்தவன்! கொலைகாரன் முகத்தைப் பார்த்த ஒரே சாட்சி அவன்தான். அவனிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசி, "நீ என்ன பார்த்தாய்?" என்று கேட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். இவர்களோ அவனிடம் கேட்டதெல்லாம் "நீதானே செய்தாய்?" என்பதுதான். கடைசியில் உண்மை தெரிந்து அவனைத் தேடிக்கொண்டு ஓடுகிறபோது, போலீஸைக் கண்ட பயத்தில் அவன் ஓடி ரயிலில் அடிபட்டுச் சாகிறான். அடித்து வாங்குகிற வாக்குமூலத்தால் குற்றமற்றவனுக்குத் தண்டனை கிடைக்கும் என்பது எல்லோரும் சொல்லுகிற ஆட்சேபணை. அதே அடியினால் சாட்சியும் போய்ச் சேருகிறான், குற்றவாளியும் தப்பித்துக்கொள்ளுகிறான் என்பதை இவ்வளவு தெளிவாக ஒரு படம் காட்டியதை நாம் வேறெங்கும் பார்க்கவில்லை.

அடி பலிக்காமற் போன பிற்பாடு டிடெக்டிவ் போகிற இடம் மந்திரக்காரியின் வீடு. அவள் கொடுக்கும் தாயத்துக் கடுதாசியை வாங்கிவந்து, கொலை நடந்த இடத்து மண்ணையும் மையையும் அதன்மேல் கொட்டி, கொலைகாரன் முகம் தெரிகிறதா என்று இரவில் குந்திக்கொண்டு பார்க்கிறார்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் ஆடு காணாமற் போனாலும் நகை காணாமற் போனாலும் வெற்றிலையில் மை போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இது புதிதாயிருக்காது. கொரியாக்காரன் கடுதாசியில் பார்க்கிறான், நம்மவன் வெற்றிலையில் பார்க்கிறான். தெரிவது இரண்டிலும் ஒன்றுதான், அதாவது மை. சர்க்கார் சம்பளம் வாங்குகிற போலீஸ்காரனே இப்படியென்றால் ஊர் ஜனங்களைக் குறை சொல்லி என்ன பயன்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கொலை நடந்த இடத்தில் ரோமம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே கொலைகாரன் உடம்பில் ரோமமே இல்லாதவனாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, பொதுக் குளிப்பிடங்களில் போய் உட்கார்ந்துகொண்டு குளிக்கிறவர்களையெல்லாம் நோட்டம் பார்க்கிறார். கொட்டகையில் ஜனங்கள் சிரிப்பார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் தோழர்கள் கவனிக்க வேண்டியது, இது மந்திரமல்ல என்பதாகும். "ஆகவே", "ஆதலால்" என்று தர்க்கம் போட்டுத்தான் இந்த முடிவுக்கு வருகிறார். பரீட்சித்துப் பாராத தர்க்கம் தாயத்தைவிட எவ்வளவு மேல் என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

படத்தில் நமக்கு ஒரு குறையும் தெரிகிறது. உதைப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு போலீஸ்காரன், ஒரு சண்டையில் துருப்பிடித்த ஆணி காலில் ஏறி, வாயுஜன்னி கண்டு, உதைத்த அந்தக் காலையே வெட்டும்படி ஆகிவிடுகிறது. "பார்த்தாயா, செய்த வினை!" என்று நாக்கைத் தட்டுவதற்கு இது நல்ல சந்தர்ப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. காலை வாங்கியது துருவாணி வழியாய் ஏறிய கிருமி. காலாகாலத்தில் ஊசி போட்டிருந்தால் வினை என்ன செய்திருக்கும்? இதை டைரக்டர் வேண்டுமென்று செய்தாரோ, கதைக்கு அழகு என்று செய்தாரோ, எப்படியானாலும் நமக்குப் பிடிக்கவில்லை.

நிற்க. படம் மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று யாராவது நினைத்தால், நிஜமாக நடந்தது அதைவிடக் கேவலமானது என்று தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஹ்வாசொங் வயலில் போலீஸார் வைக்கோல் பொம்மை ஒன்றைச் செய்து நிறுத்தி, கொலைகாரன் தானாக வந்து சரணடையாவிட்டால் கைகால் அழுகிச் சாவான் என்று சாபம் எழுதி வைத்தார்கள். பொம்மை மழையில் நனைந்துகொண்டு நின்றது. கொலைகாரனுக்கு ஒரு விரல்கூட அழுகவில்லை. 1993-ல் அமெரிக்காவில் குடியிருந்த ஒரு கொரிய ஆவிவித்தைக்காரர் தமக்குக் கனவில் கொலைகாரன் தெரிந்தான் என்று ஒரு மனிதரைக் காட்டிக்கொடுத்தார். அந்தக் கனவை நம்பி அவரைப் பிடித்துக்கொண்டு போய், செய்யாத கொலையை ஒப்புக்கொள்ளும்படி வதைத்தார்கள். அவருக்குச் சர்க்கார் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று கோர்ட்டு பின்னால் தீர்ப்புச் சொல்லிற்று. கனவு கண்டவரை யாரும் ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. கனவுக்கு யார்மேல் பிராது கொடுப்பது?

இதற்கிடையில் ஊரில் ஒரு வதந்தி. மழை பெய்கிற நாளில் சிவப்பு உடுத்தின பெண்ணைத்தான் கொல்லுகிறானாம். ஆகவே பெண்கள் சிவப்பு உடுத்தக்கூடாது, மழையில் வெளியே போகக்கூடாது, இருட்டினபின் நடக்கக்கூடாது. எங்கே எது நடந்தாலும் தடையுத்தரவு போடப்படுவது பெண்ணுக்குத்தான். கொல்லுகிறவன் ஆண் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், இருட்டினபின் ஆண்கள் வெளியே வரக்கூடாது என்று எந்த ஊரிலாவது யாராவது தமுக்கு அடித்ததுண்டா? தொழிற்சாலை வேலை முடிந்து இரவில் திரும்பும் பெண் வயல்வரப்பில் தனியே நடப்பது சிவப்புச் சட்டை போட்டுக்கொள்ளும் ஆசையால் அல்ல, பிழைப்புக்காக என்பதை வதந்தி கிளப்புகிறவர்கள் யோசிப்பதில்லை.

அந்த வயல்வரப்பில் காவல் போட ஏன் ஆளில்லை? படத்தில் ஒரு மழை இரவில், இன்று கொலை நடக்கும் என்று தெரிந்து, டிடெக்டிவுகள் ஆள்படை கேட்கிறார்கள். படையெல்லாம் சுவோன் நகரத்தில் ஆர்ப்பாட்டக்காரர்களை அடக்கப் போயிருக்கிறது என்று பதில் வருகிறது. அன்றிரவே ஒரு பெண் சாகிறாள். 1988-ம் வருஷத் தொடக்கம் வரையில் கொரியாவை ஆண்டது சுன் டூ-ஹ்வான் என்ற படைத்தலைவரின் சர்வாதிகாரம். 1987 ஜனவரியில் சியோலில் ஒரு கல்லூரி மாணவனைப் போலீஸார் தண்ணீரில் முக்கி வதைத்துக் கொன்றுவிட்டு, மேஜையைத் தட்டினோம், பையன் செத்து விழுந்துவிட்டான் என்று கூசாமல் சொன்னார்கள். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் தங்கள் ஜனாதிபதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றார்கள். சர்க்காரை ஏச்சிலிருந்து காப்பாற்றப் பட்டாளம் பட்டாளமாய்ப் போலீஸ் இருந்தது. கூலிக்காரப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றத்தான் இல்லை.

கடைசிக் கட்டத்துக்கு வருவோம். படத்தில் சந்தேகத்துக்குரிய ஒரு வாலிபன் அகப்படுகிறான். தடயத்தை டி.என்.ஏ. சோதனைக்கு அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். (நிஜ வழக்கில் அனுப்பியது ஜப்பானுக்கு.) காகிதம் ஒன்றுதான் பொய் சொல்லாது என்று படம் முழுவதும் சொல்லிவந்த சியோல் டிடெக்டிவ், முடிவைச் சொல்லும் காகிதம் தமக்குப் பிடித்த விடையைக் கொடுக்கவில்லை என்றவுடன் அதைப் பொய் என்கிறார், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாலிபனைச் சுடப் போகிறார். கிராமத்து டிடெக்டிவ்தான் தடுக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சிலர் "விஞ்ஞானமும் கைவிட்டுவிட்டது பார்த்தீர்களா" என்று சொல்லுவதுண்டு. கைவிட்டது விஞ்ஞானம் அல்ல. "இவன் என்று நிச்சயிக்க முடியவில்லை" என்று அது சொல்லிற்று. முடியாததை முடியாது என்று சொல்லுவதற்குப் பெயர்தான் விஞ்ஞானம். மந்திரக்காரி என்றைக்காவது "எனக்குத் தெரியாது" என்று சொன்னாளா?

இந்தச் சோதனையின் பூர்வோத்திரத்தையும் சொல்லிவிடுகிறோம். இங்கிலாந்தில் லெஸ்டர் சர்வகலாசாலையில் அலெக் ஜெஃப்ரீஸ் என்பவர் 1984-ல் இதைக் கண்டுபிடித்தார். பக்கத்துக் கிராமங்களில் இரண்டு சிறுமிகள் 1983-லும் 1986-லும் கொல்லப்பட்டிருந்தார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருந்தான். அவன்தான் இரண்டையும் செய்தான் என்று ருசுப்படுத்திக்கொள்ளப் போலீஸார் சோதனைக்கு அனுப்பினார்கள். சோதனை சொன்னது: இரண்டு கொலையையும் செய்தவன் ஒருவனே, ஆனால் அவன் இவனல்ல. ஆகக் கொலை வழக்கில் இந்தச் சோதனை செய்த முதல் காரியம், ஒப்புக்கொண்ட ஒருவனை நிரபராதி என்று விடுவித்ததாகும். 1988-ல் நிஜமான கொலைகாரன் தண்டனை அடைந்தான். ஹ்வாசொங்கில் முதல் கொலை நடந்த அதே 1986-ல்தான் அந்தப் பையன் விடுதலையானான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கொரியாவில் இது பலன் கொடுக்க வெகுகாலம் பிடித்தது. 2010-ல் தண்டனை பெற்ற கைதிகளுடைய டி.என்.ஏ.வைச் சேமித்து வைக்கச் சட்டம் வந்தது. 2019-ல் போலீஸார் முப்பது வருஷமாய்ப் பெட்டியில் கிடந்த துணிமணிகளை மறுபடி சோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது கொலைகளின் தடயங்கள் பூசான் சிறையிலிருந்த லீ சுன்-ஜே என்ற ஆயுள்கைதியோடு ஒத்துப்போயின. அவன் 1994-ல் சொங்ஜு என்னும் ஊரில் தன் கொழுந்தியாளைக் கொன்றதற்காக உள்ளே இருந்தவன். சிறையில் ஒழுங்கான கைதி என்று பெயரெடுத்தவன். ஹ்வாசொங் கொலைகள் பத்தோடு இன்னும் நாலு கொலைகளையும் சேர்த்துப் பதினாலு என்று ஒப்புக்கொண்டான். கொலைகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே போலீஸார் அவனை மூன்று தடவை விசாரித்து விட்டிருக்கிறார்கள்! கொலைகாரனுடைய ரத்தம் பி ரகம் என்று முன்னதாகவே முடிவு கட்டியிருந்தார்கள்; இவனுடையது ஓ ரகம்; ஆகவே போகலாம் என்று விட்டுவிட்டார்கள். படத்தின் முடிவில் வேலையை விட்டு வியாபாரியாகிவிட்ட டிடெக்டிவிடம் ஒரு சிறு பெண், இங்கே வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போன இன்னொரு மனிதனுடைய முகம் சாதாரணமாகத்தான் இருந்தது என்கிறாள். டிடெக்டிவ் திரும்பி, கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற நம்மை உற்றுப் பார்க்கிறார். அந்தக் கொலைகாரனும் சிறையிலிருந்து இப்படத்தைப் பார்த்திருக்கிறான். வெறும் சினிமாவாகத்தான் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்று 2020-ல் கோர்ட்டில் சொன்னான்.

"அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்" என்பவர்கள் இங்கே முந்திக்கொண்டு வருவார்கள். எப்படியும் 1994-லேயே உள்ளே போய்விட்டானே, அது தெய்வச் செயல் அல்லவா என்பார்கள். அவர்களை ஒன்று கேட்கின்றோம். அவனை உள்ளே தள்ளுவதற்குத் தெய்வத்துக்குக் கிடைத்த வழி, இன்னொரு பெண்ணை அவன் கையில் கொடுத்துச் சாகடிப்பதுதானா? பத்துப் பெண்களில் முதலாமவள் செத்தபோதே நின்றுகொண்டிருந்த தெய்வம் உட்கார்ந்துகொண்டதா? பதின்மூன்று வயதுக் குழந்தை தன் வீட்டில் தன் படுக்கையில் கொல்லப்பட்டபோது எங்கே பார்த்துக்கொண்டிருந்தது? இதற்குப் பதில் சொல்லாமல் "எல்லாம் அவன் லீலை" என்று சொல்லுவார்களானால், அப்படிப்பட்ட லீலைக்காரனையும் அந்தப் பூசான் கைதியையும் ஒரே கூண்டில்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

ஆனால் நாம் விசேஷமாகச் சொல்ல வந்தது அந்தக் குழந்தையின் வழக்கைப் பற்றியேயாகும். எட்டாவது கொலை, 1988 செப்டம்பரில் நடந்தது. இதற்காக 1989 ஜூலையில் 22 வயதுள்ள ஒரு தொழிலாளியைப் பிடித்தார்கள். விவசாய யந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் ஊனமானவர். தொடக்கப் பள்ளிப் படிப்பையும் முடிக்காதவர். மூன்று நாள் தூங்கவிடாமல் வைத்திருந்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஊனமான காலோடு சுவரேறிக் குதித்தார் என்று எழுதிக்கொண்டார்கள். ஆயுள் தண்டனை கிடைத்தது. அவரைப் பிடித்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இவருக்கு எதிராய் நின்றது வாக்குமூலம் மாத்திரமல்ல, தாயத்துமல்ல, கனவுமல்ல. விஞ்ஞான சோதனை என்ற ஒன்று நின்றது. கொலை நடந்த அறையில் கிடைத்த ரோமத்தை அணுசக்தி யந்திரத்தில் வைத்துப் பரீட்சை செய்து, அதில் டைட்டேனியம் என்னும் உலோகம் அதிகமாயிருக்கிறது, ஆகவே உலோக வேலைக்காரனுடையது, இவர் ரோமத்தோடு ஒத்திருக்கிறது என்று காகிதம் கொடுத்தார்கள். கொரியாவில் ஒரு கிரிமினல் வழக்கில் இப்படி அணுப் பரீட்சை நடந்தது அதிசயம் என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. அணுவென்றால் யார் எதிர்த்துப் பேசுவது? நீதிபதிக்கும் அது புரியாது, வக்கீலுக்கும் அது புரியாது, பட்டறைக் கூலிக்காரருக்கு எங்கே புரியப் போகிறது? புரியாத மந்திரத்துக்குக் கைகட்டி நிற்பதுபோலவே புரியாத யந்திரத்துக்கும் கைகட்டி நின்றார்கள். பிற்காலத்தில் மறுவிசாரணையில் அந்தச் சோதனைக் காகிதம் பிழையானது, நம்பத்தக்கதல்ல என்று கோர்ட்டே சொல்லிற்று.

நமது தோழர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டுமென்று விரும்புகிறோம். "விஞ்ஞானம்" என்ற வார்த்தையைக் கேட்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவன் பகுத்தறிவுக்காரன் அல்ல. கோயிலை மாத்திரம் மாற்றிக்கொண்ட பக்தன். சோதனை என்றால் யார் செய்தது, எப்படிச் செய்தது, இன்னொருவன் தனியாகச் செய்து பார்த்தால் அதே விடை வருமா, எத்தனை பேருடைய ரோமத்தில் இந்த உலோகம் இவ்வளவு இருக்கும் என்று கேட்டிருக்க வேண்டும். லெஸ்டரில் செய்த சோதனை போலீஸார் விரும்பிய விடைக்கு எதிராகப் பேசிற்று. ஹ்வாசொங்கில் செய்த சோதனை போலீஸார் விரும்பிய விடையையே பேசிற்று. எஜமானன் விரும்புகிறதையே சொல்லுகிற சோதனையைக் கண்டால் இரண்டாந்தரம் பார்க்க வேண்டும். அதற்கு அணு சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை.

அத்தொழிலாளி உத்தேசம் 20 வருஷங்கள் சிறையில் இருந்து 2009-ல் பரோலில் வெளியே வந்தார். வெளியே வந்தும் குழந்தையைக் கொன்றவன் என்ற பெயரோடுதான் பத்து வருஷங்கள் நடமாடினார். 2019-ல் லீ சுன்-ஜே எட்டாவது கொலையையும் நானே செய்தேன் என்று சொன்ன பிறகுதான் மறுவிசாரணைக்கு வழி பிறந்தது. 2020 டிசம்பர் 17-ந் தேதி சுவோன் ஜில்லாக் கோர்ட்டு அவர் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்லி, நீதித்துறையின் பேரால் மன்னிப்பும் கேட்டுக்கொண்டது. போலீஸாரும் மன்னிப்புக் கேட்டார்கள். பணமும் கொடுத்தார்கள். 22 வயதில் உள்ளே போனவருக்கு அப்பொழுது 53 வயது.

கடவுளும் வினையும் கண்டுபிடிக்காததை, பெட்டியில் பத்திரமாய் வைத்திருந்த பழந்துணி கண்டுபிடித்தது. யாரோ பெயர் தெரியாத குமாஸ்தா அதைக் குப்பையில் எறியாமல் நம்பர் போட்டு வைத்திருந்தார். இந்த வழக்கு முழுவதிலும் பாராட்டத்தக்க மனிதன் யார் என்று நம்மைக் கேட்டால் அந்தக் குமாஸ்தாவைத்தான் சொல்லுவோம். அவரைப் பற்றி யாரும் சினிமா எடுக்கப் போவதில்லை.

இனித் தண்டனையைப் பற்றி. அந்நாட்டுச் சட்டப்படி அக்காலத்தில் கொலைக் குற்றத்துக்கு 15 வருஷ மியாது. கடைசிக் கொலைக்கும் 2006 ஏப்ரலில் மியாது தீர்ந்துபோயிற்று. இந்த வழக்கினாலும் இந்தப் படத்தினாலும் ஜனங்களுக்குள் கிளம்பிய ஆத்திரமும் சேர்ந்து, 2007-ல் மியாதை 25 வருஷமாக நீட்டினார்கள்; 2015-ல் கொலைக்கு மியாதே இல்லையென்று ஆக்கினார்கள். ஆயினும் பழைய கொலைகளுக்கு இது பொருந்தாது. ஆகவே பதினாலு கொலைகளை ஒப்புக்கொண்டவனை ஹ்வாசொங் கொலைகள் ஒன்றுக்காகவும் கூண்டில் ஏற்ற முடியவில்லை. அவன் கோர்ட்டுக்கு வந்ததெல்லாம் அந்தத் தொழிலாளியின் மறுவிசாரணையில் சாட்சியாகத்தான். இத்தனை நாள் தன்னை ஏன் பிடிக்கவில்லை என்று தனக்கே விளங்கவில்லை என்று அங்கே சொன்னான்.

இது மாத்திரமல்ல. 1989-ல் காணாமற் போன எட்டு வயதுப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியையும் தானே கொன்றதாக அவன் சொன்னான். அப்பொழுது அவளுடைய எலும்புகளைக் கண்டும் அதை மறைத்து, ஓடிப்போனவள் என்று கணக்கை முடித்துவிட்டார்கள் போலீஸார் என்பது பிந்திய விசாரணையில் வெளிப்பட்டது. பெண்ணைப் பெற்றவர்கள் அவள் திரும்பி வருவாள் என்று முப்பது வருஷம் காத்திருந்தார்கள். இதை மறைத்தவர்கள்பேரிலும், அத்தொழிலாளியை வதைத்த போலீஸார்பேரிலும், வழக்கை நடத்திய சர்க்கார் பிராசிகியூட்டர்பேரிலும் குற்றம் பதிவு செய்தார்கள். விசாரித்துப் பார்த்ததில், அவர்கள் எல்லோருடைய குற்றத்துக்கும் மியாது தீர்ந்துவிட்டிருந்தது.